ஒன்பதாம் பிரிவின் தமிழ்

களுவாஞ்சிக்குடி நீதிமன்றத்துக்கு எதிரே
போட்டோக்கொப்பிக் கடையில் பாதி என்னுடையது.
ஒரு மேசை, ஒரு றப்பர் முத்திரை,
சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் என்ற பலகை.
காணி உறுதி, விவாகரத்து, விசா மறுப்பு,
எதுவானாலும் பக்கத்துக்கு ஒரே விலை.
கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன் என்று
நீதவான் முன் சொன்னவள் நான்.

செவ்வாய்க்கிழமை வந்தது பதினொரு பக்கம்,
சுவிசிலிருந்து பிள்ளைகள் அனுப்பிய
பராமரிப்பு ஒப்பந்தம்.
பெரியகல்லாற்றில் நல்லரெத்தினம் என்பவர்
பாரிசவாதத்தில் விழுந்து ஏழு மாதம்.
புரட்ட, துடைக்க, ஊட்ட,
சிறுநீரை அளந்து கொப்பியில் எழுத ஒரு ஆள்:
கோமளேஸ்வரி, மண்டூர்.

இரண்டு மணிக்கொருக்கால் புரட்டுவது நாலாம் பிரிவு.
நகம் ஐந்தில்.
கைபேசி பார்க்கக் கூடாது என்பது ஆறில்,
மூன்று உபபிரிவுகளோடு.
ஒன்பது மட்டும் ஒரே வரி:
பராமரிப்பாளரின் வெல்பீயிங் உரிய முறையில் பேணப்படும்.
யாரால் என்று இல்லை.
செயப்பாட்டு வினைக்கு எப்போதுமே கை கிடையாது.

நலன் என்று போட்டேன்,
திணைக்களத்துப் பெயர்ப்பலகை மாதிரி இருந்தது.
சேமம், கடிதத்தில் எல்லாரும் தாண்டிப் போகும் முதல் வரி.
நல்வாழ்வு, தேர்தல் காலத்து மதில்.
சுகம் என்று எழுதி அழித்தேன்.
ஏனோ வெட்கமாய்ப் போயிற்று.

வியாழன் அவளே வந்தாள்.
குருமண்வெளித் துறையில் பாதை பிந்திவிட்டதாம்,
பிடரியெல்லாம் வியர்வை.
வாசிச்சுக் காட்டுங்க அக்கா என்றாள்.
நாலுக்கும் ஐந்துக்கும் தலையாட்டினாள்.
ஒன்பதில் கையை நீட்டி மறித்தாள்.
"இது என்ன சொல்லுது, நான் இரிக்கலாம் எண்டா?"
"எங்க?"
"கதிரையிலதான்.
மகன் கெமரா பூட்டியிருக்கார்.
நான் குந்தினா உடன கோல் வரும்,
ஏன் சும்மா இரிக்கீங்க எண்டு."
பிறகு, கடன் கேட்கிற குரலில்:
"மத்தியானத்தில ஃபேனை
என்ட பக்கம் கொஞ்சம் திருப்பலாமா?"

அவள் போனதும் தட்டச்சு செய்தேன்.
ஒன்பது. பகல் இரண்டு முதல் மூன்று வரை
பராமரிப்பாளர் படுத்திருப்பார்;
மின்விசிறி அவருக்கும் சுழலும்.
அவர் கதிரையில் அமர்வது விளக்கம் கோரத்தக்கதல்ல.
ஞாயிறு அவர் தமது வீட்டில் இருப்பார்,
அன்றைய கூலி குறையாது.
அவருக்குக் காய்ச்சல் என்றால் அது காய்ச்சல்.

மூலத்துக்கு அமைவான சரியான மொழிபெயர்ப்பு
என்று கீழே முத்திரை குத்தினேன்.
மை கொஞ்சம் பரவித்தான் இருந்தது.

கையெழுத்துகள் எல்லாம் வந்து சேர்ந்தன,
பக்கத்துக்குப் பக்கம், வாசிக்காத வேகத்தில்.

மூன்று கிழமை.
விடியப்புறம் மூன்றே முக்காலுக்கு வெளிநாட்டு இலக்கம்.
நல்லரெத்தினத்தின் மகள், துஷ்யந்தி.
"இங்கிலீசில ஒரு வரி,
உங்கட தமிழில எட்டு வரி. எப்பிடி?"
வயிற்றுக்குள் பலகை கழன்று விழுந்தது.
"அந்த வரிக்குத் தமிழ் அவ்வளவு நீளம்" என்றேன்.

அந்தப் பக்கம் பேச்சில்லை.
எங்கோ ஒரு அழைப்பு மணி.
யாரோ ஜேர்மனில் கூப்பிடும் குரல்,
அவள் எழும்பிப் போகும் சப்பாத்துச் சத்தம்,
தண்ணீர், கட்டில் கிரீச்சிடல்,
திரும்பி வரும் சப்பாத்து.
"முதியோர் இல்லத்தில நைட் வேலை.
முப்பத்தொரு பேருக்கு நாங்க ரெண்டு பேர்.
எங்கட ஒப்பந்தத்திலயும் இருக்கு அந்த வரி.
பன்னிரண்டாம் பிரிவு."
மூச்சு வாங்கினாள்.
"அதையும் தமிழாக்கித் தருவீங்களா?
பக்கம் எவ்வளவு?"

ஜேர்மனில் எனக்கு ஓரெழுத்தும் தெரியாது.
அனுப்புங்க என்றேன்.